தோற்கும் அணியின் இன்னிங்ஸ் கணக்கு: பேஸ்பாலில் தொடக்கப் பிட்சர்களை நடத்தும் விதம்

2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி 162 ஆட்டங்களில் 119இல் தோற்றது. அவற்றில் 21 தோல்விகள் மைக் மரோத்தின் பெயரிலும், 19 ஜெரமி பாண்டர்மனின் பெயரிலும், 17 நேட் கொர்னேஹோவின் பெயரிலும் எழுதப்பட்டன; பேஸ்பாலில் ஒவ்வொரு தோல்வியும் ஒரு பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின், பெயரில் பதிவாகும். ஒரு பிட்சர் ஒரே பருவத்தில் 20 தோல்விகளை எட்டியது, 1980இல் ஓக்லாண்டின் பிரையன் கிங்மனுக்குப் பிறகு அதுவே முதல் முறை. இடைப்பட்ட ஆண்டுகளில் சுமாரான பிட்சர்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. யாராவது அந்த எண்ணை நெருங்கினால் ஏதேனும் ஒரு காரணம் சொல்லி அவரை உட்காரவைத்துவிடுவது, அணியின் தலைமைப் பயிற்சியாளர்களான மேனேஜர்களின் வழக்கம். டைகர்ஸ் மேனேஜர் ஆலன் ட்ராமெல் தம் பிட்சர்கள் இருவரையும் இரு விதமாக நடத்தினார். 20 வயதே ஆன பாண்டர்மனைப் பருவத்தின் கடைசிப் பகுதியில் முறையிலிருந்து விலக்கினார். 26 வயது மரோத்தை அவர் முறை வரும்போதெல்லாம் களத்தில் இறக்கினார். மரோத்தும் ஒதுங்கிக்கொள்ள விரும்பவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முரணாகத் தோன்றும் இந்த இரண்டு முடிவுகளும் சரியானவை என்பதே என் கருத்து. மரோத் அடுத்த இரண்டு பருவங்களில் முறையே 11, 14 வெற்றிகள் பெற்றார். பாண்டர்மன் 2006இல் 14 ஆட்டங்களை வென்றார். அந்த ஆண்டு டைகர்ஸ் சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடரில் ஆடியது.

தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ரொட்டேஷன், அதாவது முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பிட்சர்களின் சுழற்சி வரிசை, பேச்சுக்கு வரும்போதெல்லாம் ரசிகர்கள் முதலில் கேட்பது யாரைத் தூக்க வேண்டும் என்பதைத்தான். மேனேஜரும் பிட்சிங் பயிற்சியாளரும் உட்கார்ந்து போடும் கணக்கு வேறு. பேஸ்பால் ஆட்டம் ஒன்றுக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் ஒரு முறை மட்டை பிடிக்கும், மூன்று அவுட்டில் ஒரு அணியின் முறை முடியும். ஒரு பருவத்தின் இன்னிங்ஸ் அத்தனையையும் யார் வீசி முடிப்பது என்பது அவர்களுடைய முதல் கவலை. அப்படி வீசும்போது எந்தக் கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, எந்தக் கையின் மீது சுமையை ஏற்றலாம் என்பது இரண்டாவது. இன்றைய ஆட்டத்தை வெல்வது இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது. இதை எந்த மேனேஜரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார். சொன்னால் வேலை போய்விடும்.

கணக்கு மிகவும் எளியது. ஒரு அணி ஆண்டொன்றுக்கு வீசவேண்டியது ஏறத்தாழ 1,430 இன்னிங்ஸ். தொடக்கப் பிட்சர்கள் சராசரியாக ஆறு இன்னிங்ஸ் வீசினால் 972 இன்னிங்ஸ் அவர்கள் கணக்கில் போய்விடும். மீதமுள்ள ஏறத்தாழ 460ஐ, தொடக்கப் பிட்சருக்குப் பின் வந்து வீசும் எட்டு ரிலீவர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 57 வரும். இது ஒருவர் உடல் தாங்கும் அளவு. தொடக்கப் பிட்சர்கள் ஐந்தில் நின்றுவிட்டால் ரிலீவருக்கு 77 ஆகிறது. வழக்கமாக ஒரு ரிலீவர் பருவம் முழுவதும் வீசும் 60, 65 இன்னிங்ஸை இது தாண்டிவிட்டது. நான்கில் நின்றுவிட்டால் ஆளுக்கு 97க்கு மேல். அப்படி ஒரு புல்பென்னை (ரிலீவர் குழுவை; அவர்கள் காத்திருந்து தயாராகும் இடத்துக்கும் இதே பெயர்) யாரும் செப்டம்பர்வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. தொடக்க வரிசை ஆட்டத்துக்கு ஒரே ஒரு இன்னிங்ஸ் குறைவாக வீசினாலும் ஆண்டு முடிவில் 162 இன்னிங்ஸ் கூடுதல் சுமை ரிலீவர்களின் மீது விழுகிறது. அது இரண்டரை ரிலீவர்களின் முழு ஆண்டு உழைப்பு. பலவீனமான அணிகளில் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் ஆட்டம் கைநழுவும்போது ரசிகர்கள் புல்பென்னைத் திட்டுகிறார்கள். அந்தத் தோல்விகளில் பலவற்றின் வேர், இரண்டு நாட்களுக்கு முன்பு ஒரு தொடக்கப் பிட்சர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளியேறியதில் இருக்கும்.

இங்கே ஒரு சிறு விநோதமும் உண்டு. வெளியூர் மைதானத்தில் தோற்கும் அணி, எதிரணி ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதியில் மட்டை பிடிக்கத் தேவையில்லாததால், பெரும்பாலும் எட்டு இன்னிங்ஸ் மட்டுமே வீசுகிறது. 81 வெளியூர் ஆட்டங்களில் அறுபதில் தோற்கும் அணிக்கு இந்த வகையில் ஐம்பது இன்னிங்ஸ் மிச்சமாகலாம். தோற்பதற்குக் கிடைக்கும் ஒரே சலுகை இதுதான்.

இந்தக் கணக்கைப் போடுவதற்கான மேசையும் சிறியது. ஆட்டத்துக்குரிய அணியில் 26 பேர்தான் இருக்கலாம். அவர்களில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு 2022ஆம் ஆண்டு ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஐவர் தொடக்கப் பிட்சர்கள் என்றால் எட்டுப் பேர் ரிலீவர்கள். களைத்துப்போனவரைக் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டுப் புதிய கை ஒன்றை அழைத்துவரலாம். ஆனால் அதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு ஆட்டக்காரரை இப்படி மேலும் கீழும் அனுப்பும் ‘ஆப்ஷன்’ உரிமை அணிக்கு பொதுவாக மூன்று பருவங்களுக்கு மட்டுமே. ஒரு பருவத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் அனுப்ப முடியாது. கீழே அனுப்பப்பட்ட பிட்சரை, காயமடைந்த ஒருவருக்கு மாற்றாக என்றால் தவிர, 15 நாட்களுக்குள் திரும்ப அழைக்கக் கூடாது. மேஜர் லீக்கில் ஐந்தாண்டு பணிக்காலம் முடித்தவரை அவர் சம்மதமின்றி அனுப்பவே முடியாது. ஆப்ஷன் தீர்ந்தவரைக் கீழே இறக்க விரும்பினால் மற்ற அணிகள் அவரை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தந்துவிட்டுத்தான் இறக்க முடியும்.

இதன் விளைவு என்னவென்றால், யார் நன்றாக வீசுகிறார் என்பதைவிட யாரை அனுப்ப முடியும் என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. செவ்வாய்க்கிழமை மூன்று இன்னிங்ஸ் அருமையாக வீசி அணியைக் காப்பாற்றிய 24 வயது ரிலீவர் புதன்கிழமை காலையில் மைனர் லீக்குக்கு விமானம் ஏறுகிறார்; இனி இரண்டு மூன்று நாட்களுக்கு அவரால் வீச முடியாது, அவரிடம் ஆப்ஷன் இருக்கிறது, அவ்வளவுதான் குற்றம். ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் சராசரி ரன், ஆறைத் தாண்டிய 34 வயதுக்காரர் தம் இடத்திலேயே இருக்கிறார். இதை அநியாயம் என்று சொல்வது எளிது. ஆனால் அந்த 34 வயதுக்காரர் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஐந்தரை இன்னிங்ஸ் வீசுகிறார் என்றால் அவர் போனபின் அந்த இன்னிங்ஸை யார் வீசுவது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

தொடக்கப் பிட்சரின் வாழ்க்கை ஐந்து நாள் வட்டம். ஆட்ட நாளில் 90 முதல் 100 பந்துகள்வரை வீசுகிறார். மறுநாள் ஓட்டமும் இலகுவான உடற்பயிற்சியும். இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் புல்பென் மேட்டில் பயிற்சியாளர் முன்னிலையில் குறைந்த வேகத்தில் இருபது, முப்பது பந்துகள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான் தடுமாறும் பிட்சரைச் சரிசெய்யக் கிடைக்கும் பணிமனை. ஸ்லைடர் வகைப் பந்தின் பிடியைச் சற்று மாற்றுவது, முன்கால் விழும் இடத்தை ஒரு அங்குலம் நகர்த்துவது, கையை விடுவிக்கும் உயரம் ஏன் தாழ்ந்துவிட்டது என்று காணொளியில் பார்த்ததை உடம்புக்குப் புரியவைப்பது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. நான்காம் நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் மீண்டும் ஆட்டம். ஜப்பானிய லீக்கில் பொதுவாகத் திங்கட்கிழமை ஆட்டமில்லை. ஆறு பேர் வாரத்துக்கு ஒருமுறை வீசுகிறார்கள். அமெரிக்க அட்டவணையில் அந்த வசதி இல்லை. 13 நாளில் 13 ஆட்டங்கள் சர்வசாதாரணம். ஒருவர் முறையைத் தள்ளிப்போட்டால் அடுத்த நால்வரின் உடற்கடிகாரமும் கலைந்துபோகிறது. ஆகவே, மோசமாக வீசிய ஒருவரை ‘ஒரு முறை விட்டுப் பார்ப்போம்’ என்பது வெளியே தெரிவதைவிடப் பெரிய முடிவு.

முதலில், அவர் உண்மையிலேயே மோசமாகத்தான் வீசுகிறாரா என்று பார்க்க வேண்டும். வெற்றி தோல்விக் கணக்கு இதற்குச் சற்றும் உதவாது. 2010இல் சியாட்டில் மரைனர்ஸ் 101 ஆட்டங்களில் தோற்றது. அதே அணியின் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வி என்ற சாதாரணக் கணக்குடன் அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றார். அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.27, அவருக்காக ரன் எடுக்கத்தான் ஆளில்லை. தடுப்பாட்டப் பிழையால் வந்த ரன்களைக் கழித்துச் சொல்லும் ஈ.ஆர்.ஏ.கூடத் தடுப்பாட்டத்தின் தரத்தை மறைத்துவிடுகிறது. பலவீனமான அணிக்குப் பெரும்பாலும் பலவீனமான ஷார்ட்ஸ்டாப்பும் மெதுவான சென்டர் ஃபீல்டரும் இருப்பார்கள். நல்ல அணியில் அவுட்டாகியிருக்க வேண்டிய தரைப்பந்து இங்கே ஹிட் ஆகிறது, அடித்தவர் பேஸை அடைந்துவிடுகிறார். ஏட்டில் அது பிழையாகக்கூடப் பதிவாவதில்லை. அந்த இன்னிங்ஸை முடிக்கப் பிட்சர் மேலும் எட்டு, பத்துப் பந்துகள் வீசவேண்டியிருக்கிறது. நான்கு இன்னிங்ஸில் இப்படி நடந்தால் ஐந்தாவது இன்னிங்ஸை அவர் பார்க்கவே மாட்டார்.

அதனால்தான் அணிகள் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்குவது), வாக் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது), ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) ஆகிய மூன்றை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கின்றன. இவற்றில் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய பங்கில்லை. எஃப்.ஐ.பி. என்ற அளவுகோல் இவற்றையும் உடலில் பந்துபட்டு பேஸுக்குச் சென்றவர்களையும் கொண்டு உருவானது. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்துகளில் ஹிட் ஆகும் விகிதம் நீண்ட காலப்போக்கில் பெரும்பாலான பிட்சர்களுக்கு .300ஐ ஒட்டியே நிற்கிறது. ஒருவருக்கு அது மே மாத இறுதியில் .360 என்று நின்றால், அவரைத் தூக்குவதற்கு முன் மூன்றாவது பேஸ்மேனின் தடுப்பாட்டத்தைப் பார்ப்பது நல்லது. வேகம் குறைந்திருந்தால் கதை வேறு. ஏப்ரலில் மணிக்கு 94 மைலில் வந்த ஃபாஸ்ட்பால் ஜூனில் 91ஆகிவிட்டால் அது துரதிர்ஷ்டம் இல்லை. தோளையோ முழங்கையையோ பரிசோதிக்க வேண்டிய நேரம். தோற்கும் அணியின் பிட்சர், இடம் பறிபோய்விடும் என்ற பயத்தில் வலியை மறைப்பதும் உண்டு. ஆகவே ரேடார் துப்பாக்கியின் எண்ணை அவர் சொல்லும் பதிலைவிடக் கூடுதலாக நம்ப வேண்டியிருக்கிறது.

ஆட்டத்துக்குள் எடுக்கும் முடிவுகளில் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. ஒரு சாதாரண வாரநாள் ஆட்டத்தை வைத்துப் பார்க்கலாம். ஐந்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். 5–2 என்று எதிரணி முன்னிலையில் இருக்கிறது. முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆட்கள். தொடக்கப் பிட்சர் 88 பந்துகள் வீசிவிட்டார். எதிரே வருபவர் எதிரணியின் மூன்றாம் எண் ஆட்டக்காரர், இன்று மூன்றாவது முறையாக இவரைச் சந்திக்கிறார். ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும் ஆட்டக்காரர்கள் முதல் முறையைவிடத் தெளிவாக நன்றாக அடிக்கிறார்கள் என்பது பல ஆண்டுப் பதிவுகளில் உறுதியான விஷயம். இன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தால் இடக்கை ரிலீவரை அழைக்க வேண்டும். மேனேஜரின் கையிலுள்ள அட்டையில் அந்த இடக்கைக்காரர் நேற்றும் முந்தாநாளும் வீசியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறது. நீண்ட நேரம் வீசக்கூடிய இன்னொருவர் ஞாயிறன்று 52 பந்துகள் வீசியவர். மற்றொருவரை அழைக்கலாம், ஆனால் 2020இலிருந்து உள்ள விதிப்படி உள்ளே வருபவர் குறைந்தது மூன்று ஆட்டக்காரர்களுக்கு வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். நாளை தொடங்கப்போகிறவரோ மைனர் லீக்கிலிருந்து நேற்றுத்தான் வந்த 22 வயது இளைஞர்; அவர் நான்கு இன்னிங்ஸ் தாண்டுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மேனேஜர் டக்அவுட் படியிலேயே நிற்கிறார். பிட்சரை மாற்றவில்லை. பந்து வலப்புற மூலையில் போய் விழுகிறது, இரண்டு ரன்கள். 7–2. அரங்கில் கூச்சல். ஆனால் அடுத்த ஆட்டக்காரர் அவுட்டாகிறார். ஆறாவது இன்னிங்ஸையும் அதே பிட்சர் பத்துப் பந்துகளில் முடித்துக் கொடுக்கிறார். புல்பென்னில் ஒருவர்கூட எழுந்து கை சுழற்றவில்லை. மறுநாள் இளைஞர் நான்காவது இன்னிங்ஸில் தடுமாறும்போது அழைப்பதற்கு ஓய்வெடுத்த நான்கு பேர் இருக்கிறார்கள். செய்தித்தாளில் முந்தைய நாள் முடிவு தவறென்றுதான் வரும். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சற்று விளங்காமல் போகலாம். அங்கே ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அழைக்கலாம். இங்கே வெளியே வந்தவர் அன்றைக்கு மறுபடி உள்ளே போக முடியாது. ஒவ்வொரு மாற்றமும் கையிருப்பில் ஒன்றைக் கழிப்பது.

ஆட்டம் முற்றிலும் கைவிட்டுப் போனபின் களத்தடுப்பாளர் ஒருவரையே பந்து வீசச் சொல்வதும் இந்தக் கழித்தலைத் தவிர்க்கத்தான். அதற்கும் 2023இல் வரம்பை இறுக்கினார்கள்: தோற்கும் அணி எட்டு ரன்னாவது பின்தங்கியிருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு மே 10 அன்று சான் டியேகோவிடம் 21–0 என்று தோற்ற கொலராடோ ராக்கீஸ் அணியைப் போன்றவர்களுக்கு அந்த வரம்பு ஒரு தடையாக இருப்பதில்லை. அந்தத் தோல்விக்கு மறுநாள் மேனேஜர் பட் பிளாக் நீக்கப்பட்டார். அணி அந்தப் பருவத்தை 119 தோல்விகளுடன் முடித்தது.

ஒரே ஒரு மகத்தான பிட்சர் இருந்தால் எல்லாம் மாறிவிடாதா என்று கேட்கலாம். 1972இல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்கு ஸ்டீவ் கார்ல்டன் இருந்தார். அவர் 41 ஆட்டங்களைத் தொடங்கி, 30 ஆட்டங்களைத் தாமே வீசி முடித்து, 1.97 ஈ.ஆர்.ஏ.வுடன் 27 வெற்றிகள் பெற்றார். அணி மொத்தமாக வென்றது 59, தோற்றது 97. மற்ற நாட்களில் வீசுவதற்கு ஆளில்லாத அணியை ஒருவரால் தூக்கி நிறுத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு கிடைக்காது. தடுமாறும் அணியின் பிரச்சினை பெரும்பாலும் முதல் பிட்சரிடம் இருப்பதில்லை. ஐந்தாவது இடத்திலும், ஐவரில் யாராவது காயப்படும்போது உள்ளே வரும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆளிடமும்தான் இருக்கிறது. ஒரு பருவத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துத் தொடக்கம் செய்யும் அணிகள் அரிதல்ல.

வடிவத்தையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது 2012இல் கொலராடோ ராக்கீஸ் செய்த பரிசோதனை. டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் அங்கே வளைபந்து போதுமான அளவு வளைவதில்லை, அடித்த பந்தோ கூடுதல் தூரம் பறக்கிறது. தொடக்க வரிசை நிலைகுலைந்துபோன அந்த ஜூன் மாதத்தில் மேனேஜர் ஜிம் டிரேசி நான்கு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் 75 பந்துகள் என்று எல்லை வகுத்தார். மூன்றாவது முறை சந்திப்பைத் தவிர்க்கலாம், மோசமான ஐந்தாவது ஆளுக்கு வேலையே இருக்காது, நான்காம் நாளும் கை தாங்கும் என்பது தர்க்கம். தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் மேலே சொன்ன கூட்டலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நல்ல பிட்சரே 75 பந்துகளில் ஐந்து இன்னிங்ஸ் முடிப்பது கடினம். இந்த மைதானத்தில் இந்தப் பிட்சர்களுக்கு நான்கே பெரிது. மிஞ்சிய ஐந்து இன்னிங்ஸ் ஒவ்வொரு நாளும் புல்பென்னின் தலையில். அணி 98 தோல்விகளுடன் பருவத்தை முடித்தது, டிரேசி பதவி விலகினார், ராக்கீஸ் ஐவர் முறைக்கே திரும்பியது. யோசனையின் குறை பிட்சர்களைக் குறைத்ததில் இல்லை. குறைத்த இன்னிங்ஸுக்கு ஈடாக நடுவில் மூன்று இன்னிங்ஸ் வீசத் தகுதியான ஆட்களைப் போதுமான எண்ணிக்கையில் சேர்க்காததில் இருந்தது.

ஆறாண்டுகள் கழித்து டாம்பா பே ரேஸ் அதே நோக்கத்தை வேறு வழியில் எட்டியது. 2018 மே 19 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக, ரிலீவராகவே அறியப்பட்ட வலக்கை செர்ஜியோ ரோமோ முதல் இன்னிங்ஸை மட்டும் வீசினார். எதிரணியின் முதல் மூவரும் வலக்கை ஆட்டக்காரர்கள். மூவரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பிறகு வழக்கமாகத் தொடக்கத்தில் வரக்கூடிய இடக்கை ரையன் யார்ப்ரோ வந்து ஆறு இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். மறுநாளும் ரோமோவே தொடங்கினார். ‘ஓப்பனர்’ என்று பெயர்பெற்ற இந்த முறையின் நுட்பம், எதிரணியின் வலுவான முதல் வரிசையை யார்ப்ரோ ஒரு முறை குறைவாகச் சந்திப்பதில் இருக்கிறது. அவர் அந்தப் பருவத்தை 16 வெற்றிகளுடன் முடித்தார். அணி 90 ஆட்டங்களை வென்றது. இதைப் பார்த்த பலவீனமான அணிகள் பல, கையில் யார்ப்ரோ போன்ற ஒருவர் இல்லாமலேயே ஓப்பனரை இறக்கின. முதல் இன்னிங்ஸுக்குப் பிறகு ஐந்து இன்னிங்ஸ் வீச ஆளில்லையென்றால் ஓப்பனர் என்பது புல்பென் ஆட்டத்துக்கு இன்னொரு பெயர் மட்டுமே.

இளம் பிட்சர்களை நடத்துவதுதான் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. தோற்கும் அணியில் அவர்களுக்கு வாய்ப்பு எளிதாகக் கிடைக்கிறது, அதுவே ஆபத்தும்கூட. முந்தைய ஆண்டு 110 இன்னிங்ஸ் வீசியவரை இந்த ஆண்டு 190க்குக் கொண்டுபோவது சரியல்ல என்பதில் எல்லா அணிகளும் ஒத்துப்போகின்றன. எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு நிரூபிக்கப்பட்ட எண் எதுவும் இல்லாததால் ஒவ்வொரு அணியும் தன் வரம்பைத் தானே வகுத்துக்கொள்கிறது. முழங்கைத் தசைநார் அறுந்து டாமி ஜான் அறுவைசிகிச்சை செய்ய நேர்ந்தால் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை ஆளைக் காண முடியாது.

2024இல் 121 ஆட்டங்களில் தோற்று நவீன காலச் சாதனை படைத்த சிகாகோ வைட் சாக்ஸ் அணி மற்றெல்லாவற்றிலும் சொதப்பியிருந்தாலும் இந்த ஒன்றைச் சரியாகச் செய்தது. கேரட் குரோஷே 2022இல் அந்த அறுவைசிகிச்சை செய்துகொண்டவர். 2023இல் மேஜர் லீக்கில் 13 இன்னிங்ஸ்கூட வீசவில்லை. அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை. அவரை 2024 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே தொடக்கப் பிட்சராக இறக்கினார்கள். ஜூன்வரை அவர் லீக்கின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவராக வீசினார். அதன் பிறகு இன்னிங்ஸைக் குறைக்க வேண்டிய கட்டம் வந்தது. அணிக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: ஆகஸ்டில் முற்றிலும் நிறுத்திவிடலாம், புல்பென்னுக்கு மாற்றலாம், அல்லது முறையை மாற்றாமல் ஆட்டத்தின் நீளத்தைக் குறைக்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தார்கள். பருவத்தின் இறுதி மாதங்களில் அவர் ஐந்து நாள் வட்டத்தை விடாமல் வந்து, நான்கு இன்னிங்ஸுக்கு மேல் போகாமல் வெளியேறினார். 32 ஆட்டங்கள், 146 இன்னிங்ஸ், 209 ஸ்ட்ரைக் அவுட். ஐந்து இன்னிங்ஸ் முடிக்காத தொடக்கப் பிட்சருக்கு வெற்றி எழுதப்படாது என்பதால் அவர் கணக்கு 6–12 என்று முடிந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அந்த முடிவுக்கு ஒரு விலையும் இருந்தது. குரோஷே நான்கோடு நிறுத்திய நாட்களிலெல்லாம் மிச்சமுள்ள ஐந்து இன்னிங்ஸைத் தேய்ந்துபோன புல்பென் சுமந்தது. அதன் பொருட்டு வேறு ஒருவர் அடுத்த நாள் அடி வாங்கிக்கொண்டே ஆறாவது இன்னிங்ஸ்வரை நிற்கவேண்டியிருந்திருக்கும். இன்னிங்ஸ் கணக்கில் ஒருவருக்குக் கொடுக்கும் சலுகை இன்னொருவருடைய ஈ.ஆர்.ஏ.வில்தான் போய் ஏறுகிறது. மரோத் போன்ற ஒருவரின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. 21 தோல்விகளுக்கு நடுவிலும் 190 இன்னிங்ஸுக்கு மேல் அவர் வீசியதால்தான் மற்றவர்களின் சுமையைக் குறைக்க முடிந்தது.

ஜூலை இறுதியை ஒட்டி ஆட்டக்காரர் பரிமாற்றத்துக்கான காலக்கெடு முடிகிறது. தோற்கும் அணியின் ரொட்டேஷன் அன்றைக்கு மீண்டும் ஒருமுறை கலைகிறது. ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் எடுத்த அனுபவசாலிகள் நன்றாக வீசியிருந்தால் போட்டியில் இருக்கும் அணிகள் அவர்களைக் கேட்கும். வைட் சாக்ஸ் அதே 2024 ஜூலையில் எரிக் ஃபெடியை மூன்று அணிகள் சேர்ந்த பரிமாற்றத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு அனுப்பியது. கொரியாவிலிருந்து திரும்பி வந்து அணியின் நம்பகமான பிட்சராக இருந்தவர் அவர். எதிர்காலத்துக்குச் சரியான பரிமாற்றம்தான். ஆகஸ்ட் மாத இன்னிங்ஸ் கணக்கிலோ பெரிய ஓட்டை. மேனேஜர் பெத்ரோ கிரிஃபோல் அடுத்த வாரமே வேலையிழந்தார், தொடர்ச்சியாக 21 ஆட்டங்கள் தோற்றதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்பதால். மேலிடம் பிட்சர்களை விற்கும். கிடைத்ததை வைத்து 162 ஆட்டங்களையும் முடித்துத் தரவேண்டியவர் கீழே நிற்பவர்.

செப்டம்பர் முதல் தேதி அணியின் அளவு 28ஆகவும், பிட்சர்களின் வரம்பு 14ஆகவும் உயர்கிறது. ஒரே ஒரு கை கூடுதல் என்றாலும், அந்தக் கட்டத்தில் அதை வைத்துத்தான் ஆறாவது ஆளை உள்ளே கொண்டுவந்து மற்ற ஐவருக்கும் ஒரு நாள் ஓய்வு நீட்டிக்கிறார்கள். இளைஞர்கள் தம் வரம்பை எட்டியதும் ஒவ்வொருவராக நிறுத்தப்படுகிறார்கள். இடைவெளியை நிரப்ப வேறு அணிகள் விடுவித்த பிட்சர்களை எடுத்து, வந்த அன்றே சீருடை மாட்டி இறக்குவதும் நடக்கும். 2024 டிசம்பரில் குரோஷே பரிமாற்றத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் போனார். ஈடாக வந்த நான்கு இளைஞர்களில் கேட்சர் கைல் டீலும் ஒருவர், 2025இலேயே சிகாகோவுக்காக ஆடத் தொடங்கிவிட்டார். பாஸ்டனில் குரோஷே அந்தப் பருவத்தில் 200 இன்னிங்ஸைத் தாண்டி வீசி 18 ஆட்டங்களை வென்றார். சிகாகோவிலோ, அவர் விட்டுச்சென்ற 146 இன்னிங்ஸை யார் வீசுவது என்ற கூட்டல் குளிர்காலத்திலேயே தொடங்கியிருந்தது.